கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்

எனக்கு மட்டும் அதிகாரம் இருந்திருந்தால், "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை வார்டுக்குள் யாரும் கேட்கக் கூடாது என்று வாசலிலேயே போர்டு எழுதி மாட்டியிருப்பேன். ஓய்வு பெற்றவளுக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? வேலையில் இருந்தபோதே இருந்ததில்லை. அதனால் இப்போது வார்டில் வேலை செய்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம், பத்துபஸ்தியில் என் பக்கத்து வீட்டில் இருக்கிற அம்மாளை நம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணைக்குப் போயிருந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு தெலுங்குக்காரர், பக்கவாதம். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவர், போனை நீட்டி இந்தியில் ஏதோ பேசினார். போன் அதைத் தெலுங்கில் சொன்னது. அந்த மனிதர் போனைப் பார்த்தார், பிள்ளையின் சிரித்த முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பிள்ளை தாளில் 'புரிந்துகொண்டார்' என்ற இடத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மொத்தம் அரை நிமிடம் இருக்குமா?

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சோறு போட்டு உட்கார்ந்தும் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதி உங்கள் மேல். மீதி என் மேல். ஏனென்றால் அதே டிக்கை உங்களுக்கு முன்னால் அடித்தவள் நான்.

நான் வார்டு ஆயாவாகச் சேர்ந்தவள். பிறகு பிசியோ அறையில் உதவிக்குப் போட்டார்கள். பக்கவாதம் வந்தவர்களின் கையைக் காலை நீட்டி மடக்குவது, கம்பியைப் பிடித்து நடக்க வைப்பது, அவர்கள் சொல்வதைக் கேட்பது. கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். மாற்றலாகிப் போகிற டாக்டர்கள் விட்டுவிட்டுப் போகிற புத்தகங்களைப் படம் பார்த்துப் படித்தேன். அதைவிட அதிகம் நோயாளிகளின் வாயைப் பார்த்துப் படித்தேன். ஒரு மீன்காரர், "என் கை லீவு போட்டுட்டுப் போயிடுச்சும்மா, எப்ப டியூட்டிக்கு வரும்?" என்று கேட்டார். பேச்சு திரும்பிவந்த ஒரு பெங்காலி டீச்சர், "வார்த்தையெல்லாம் துறைமுகத்துல மூட்டை முடிச்சோட நின்னுச்சு, கப்பல்தான் வரலை" என்றார். எந்தப் புத்தகம் இப்படிச் சொல்லும்?

நம் வார்டில் ஒரு நாளைக்கு ஐந்து மொழி நடக்கும். பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பேச்சு. எல்லாவற்றுக்கும் நடுவில் நம் தீவு இந்தி. எல்லாருக்கும் எல்லாமே கொஞ்சம் வரும், யாருக்கும் எதுவும் முழுசாக வராது. மிச்சத்தைக் கை பேசும். 'நாக்கை நீட்டு' என்று சொல்வதற்குள் நம் நாக்கு வெளியே வந்திருக்கும். 'கையைத் தூக்கு' என்றால் நம் கை ஏற்கனவே மேலே இருக்கும். மாத்திரை என்றால் இரண்டு விரல் வாய்க்குப் போகும். கடல் தாண்டி மெயின்லாண்டிலிருந்து வருகிற டாக்டர்கள் முதல் வாரம் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரே மாதத்தில் அவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். இது நமக்குப் பெருமைதான். ஆனால் நான் குப்புற விழுந்ததும் இதில்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சொல்லைப் புரிந்துகொள்கிற இடம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம், காதுக்குச் சற்று மேலே. கண்ணில் விழுவதைப் பிரித்து அறிகிற இடம் பின்மண்டையில். எதிரே இருப்பவர் முகம் கடுகடுக்கிறதா, குரல் கொஞ்சுகிறதா என்று பிடிப்பது பெரும்பாலும் வலது பக்கத்து வேலை. லம்பா லைன் பகுதியில் நான் குடியிருந்த வீட்டில் ஹாலில் விளக்கு பளிச்சென்று எரியும், சமையலறையில் ஃபியூஸ் போய் இருட்டாக இருக்கும். தெருவிலிருந்து பார்ப்பவன் 'இந்த வீட்டில் கரண்ட் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவான். தலையாட்டல் என்பது ஹாலில் எரிகிற விளக்கு. சமையலறைக்குள் நுழைந்து பார்க்காமல் எழுதாதீர்கள்.

இனி செல்லையா அண்ணாச்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். அண்ணாச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்து, வடகோடியில், கப்பலேறிப் போகிற திக்லிபூரில் பாக்குத் தோட்டம் போட்டு அங்கேயே நின்றுவிட்டவர். மனைவி ஷெஃபாலி, பெங்காலி. முப்பது வருடக் குடித்தனத்தில் புருஷனின் திருநெல்வேலித் தமிழை முழுசாக வாங்கிக்கொண்டவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாளையங்கோட்டைக்காரி என்றுதான் சொல்வீர்கள்.

அண்ணாச்சிக்கு மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "சரி." ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் ஊரையே ஆண்டார். நலம் விசாரித்தால் "சரிம்மா", கிண்டல் செய்தால் சிரித்தபடி "சரி சரி", காபி ஆறிப்போனால் முகம் சுளித்து ஒரு "சரி". ஏற்ற இறக்கமெல்லாம் அப்படியே இருந்தது. நான் நாக்கை நீட்டினால் நீட்டுவார். கண்ணை மூடினால் மூடுவார். மூன்று வாரம் பயிற்சி கொடுத்தேன். தினமும் தாளில் எழுதினேன்: 'பேச்சு இல்லை. சொல்வதைப் புரிந்துகொள்கிறார்.'

அதற்குள் சர்க்கரை தன் வேலையைக் காட்டியது. விழுந்துபோன அதே வலது காலில், விரல்கள் கறுத்து, கறுப்பு பாதத்துக்கு ஏறியது. நாற்றம் வந்துவிட்டது. சர்ஜன் பார்த்துவிட்டு முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், நாளைக் காலையே, என்றார். அவருக்கு இந்தி மட்டும்தான். வார்டில் எல்லாருக்கும் நான் 'தீதி', அதாவது அக்கா. என்னைக் கூப்பிட்டார்.

"தமிழ்ல சொல்லி அங்கூட்டா வாங்கு தீதி. பெருவிரல் ரேகை போதும்."

ஷெஃபாலி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். "அவுக சரின்னா எனக்கும் சரிதான் தீதி. அவுககிட்டயே கேளுங்க."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மனிதர் பயந்துவிடக் கூடாதே என்ற நினைப்புதான் எனக்கு. "அண்ணாச்சி, உங்க காலு ரொம்பக் கெட்டுப்போச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துடணும்னு டாக்டர் சொல்றாரு. எடுத்தா உசுருக்கு ஒண்ணும் ஆகாது. தைரியமா இருங்க. சரியா?"

வாய் இதைச் சொன்னது. கை என்ன செய்தது தெரியுமா? அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தது. போர்வையை இழுத்து ஒழுங்காகப் போர்த்தியது. முகம் சிரித்தது. கடைசியில் கட்டை விரலை வேறு உயர்த்திக் காட்டியது.

அண்ணாச்சி மலர்ந்து போனார். "சரிம்மா! சரி சரி!"

இடது பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வாங்கினோம். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். 'நோயாளியின் மொழியிலேயே விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்.' அப்போது மணி பதினொன்று.

மூன்று மணிக்கு மறுபடி அந்தப் பக்கம் போனேன். ஷெஃபாலி சிரித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "தீதி, உங்க அண்ணாச்சி பண்ற கூத்தைப் பாருங்க. செருப்பை எடுன்னு ஒரே அடம். ரெண்டு செருப்பையும்!"

கட்டில் மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. அண்ணாச்சி வலது கால் செருப்பைத் தட்டிக் காட்டினார், என்னைக் காட்டினார், கட்டை விரலை உயர்த்தினார். பிறகு இடது கையின் இரண்டு விரலைப் போர்வை மேல் ஊன்றி, டக் டக்கென்று நடக்கவிட்டார். எனக்கு நன்றி சொல்கிறார். காலைச் சரியாக்கித் தரப்போகிறவளுக்கு நன்றி.

எனக்கு அப்போதுதான் ஒரு பெண் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் மெயின்லாண்டிலிருந்து பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண் சில வாரத்துக்கு வந்திருந்தாள். என் மகள் வயதுகூட இருக்காது. நான் வேலை செய்வதை இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீங்க வாயால பேசலை, கையாலதான் பேசறீங்க. ஒரு தடவை கையைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியைக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டு, யாரா இருந்தாலும் 'இல்லை'ன்னுதான் சொல்லியாகணும்கற மாதிரி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க." எனக்குச் சுருக்கென்றது. "உன் வயசை விட என் சர்வீஸ் அதிகம்மா" என்று வாயை அடைத்துவிட்டேன். அவள் கப்பலேறிப் போய்விட்டாள். ஒரு தடவைகூட நான் அப்படிக் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்போது கையைக் கட்டிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, உங்க பேரு செல்லையாவா?"

"சரிம்மா."

"நீங்க ஒரு கோழியா?"

"சரி சரி."

ஷெஃபாலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ தீதி, மனுசனப் பாத்து என்ன கேள்வி கேக்கீங்க!"

"நாம இப்ப கப்பல்ல போய்க்கிட்டிருக்கோமா?"

"சரிம்மா."

"உங்க சம்சாரம் பேரு லட்சுமியா?"

"சரிம்மா, சரி." அதே மலர்ந்த முகம்.

ஷெஃபாலியின் சிரிப்பு பாதியில் நின்றது.

செருப்பு, சீப்பு, டம்ளர் மூன்றையும் போர்வை மேல் அவர் முன்னால் வைத்தேன். கையை மறுபடி கட்டிக்கொண்டேன். "டம்ளரை எடுங்க அண்ணாச்சி." அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். அது எங்கே நீளுகிறது என்று அவர் கண் தேடியது. கை கட்டியபடியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். அங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, ஒரு சிரிப்போடு சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஷெஃபாலி மெதுவாகக் கேட்டார். "அப்பம் மூணு வாரமா நான் இவுககிட்டப் பேசினது ஒண்ணுமே..."

நான் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு எழுந்தேன்.

நேராக ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போனேன். சர்ஜன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் வார்டு சிஸ்டர். நாங்கள் பேசியது இந்தியில். தமிழில் சொல்கிறேன்.

"சார், செல்லையாவுக்கு எதுவும் புரியலை. அந்த ரேகை செல்லாது."

"நான் பக்கத்துலயே நின்னேனே. நல்லாத் தலையாட்டினான். சாட்சி வேற நீதான்."

"என் சாட்சி பொய் சார். நீ கோழியான்னு கேட்டேன், அதுக்கும் தலையாட்டறாரு."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எக்ஸர்சைஸ் கொடுக்கறதை விட்டுட்டு தீதி எப்போ டாக்டர் ஆனாங்க?"

"ஆகலை சிஸ்டர். ஆகியிருந்தா மூணு வாரத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பேன்."

சர்ஜன் டம்ளரைக் கீழே வைத்தார். கெட்டவர் இல்லை அவர். களைத்துப் போனவர். "கேளு. விஷம் மேல ஏறிட்டிருக்கு. நாளைக்கு எடுத்தா முட்டி தப்பும். தள்ளிப்போட்டா என்ன தப்பும்னு எனக்கே தெரியாது. அவனுக்குப் புரியலைன்னா பொண்டாட்டி போடட்டும், அதுக்கு வழி இருக்கு."

பின்னாலேயே வந்திருந்த ஷெஃபாலி இதைக் கேட்டுவிட்டார். "நான் போட மாட்டேன் சாப். முப்பது வருஷத்துல இவரைக் கேக்காம ஒரு பாக்கு மரத்தைக்கூட நான் வெட்டினதில்லை. கண்ணு முழிச்சுக் காலைத் தேடினா நான் என்ன சொல்லுவேன்? எந்த பாஷையில சொல்லுவேன்?"

"அஞ்சு மணிக்கு நாளைய லிஸ்ட் போகும்" என்றார் சர்ஜன் என்னிடம். "அதுக்குள்ள அவனுக்குப் புரிய வை. முடியலைன்னா, நீ ஆபரேஷனைக் கெடுத்துட்டதா உன் மேல எழுதித்தான் கொடுப்பேன்."

இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சொல் போகாத மூளைக்குள் ஒரு செய்தியைக் கொண்டுபோக வேண்டும். கண் வழி திறந்திருக்கிறது அல்லவா? தாளை எடுத்துப் படம் போட்டேன். அவருக்கு இடது பக்கமாக முழுக் கால். வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே இல்லாத கால். அவர் முன்னால் நீட்டி, எது வேண்டும் என்று கையால் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. முழுக் காலைத் தொட்டார்.

'பார்த்தீங்களா, வேண்டாங்கறாரு!' என்று கத்த நான் எழுந்துவிட்டேன். வாசல்வரை போனேன். போகிறபோதே உள்ளுக்குள் ஒரு உறுத்தல். இவ்வளவு சுலபமாகவா? எனக்கு வேண்டிய பதில் வந்ததும் கிளம்பிவிட்டேனே, காலையில் செய்தது வேறென்ன? திரும்பி வந்து தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். இப்போது வெட்டிய கால் இடது பக்கம் வந்தது. அண்ணாச்சி அதே சிரிப்போடு வெட்டிய காலைத் தொட்டார்.

அவர் காலைத் தேர்ந்தெடுக்கவில்லை. இடது பக்கத்தில் இருந்ததைத் தொட்டார். அவ்வளவுதான்.

"தட்டுல ஒரு பக்கத்துச் சோத்தை அப்படியே வெச்சுடுதாக தீதி, தட்டைத் திருப்பி வெச்சாத்தான் சாப்பிடுதாக" என்று ஷெஃபாலி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் 'பசி இல்லையோ என்னமோ' என்று விட்டிருந்தேன். கண்ணில் கோளாறு இல்லை. கண் அனுப்புகிறதில் வலது பாதியை மூளை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் இருட்டு என்றுகூட அவருக்குத் தெரியாது, அங்கே ஒன்று இருக்கிறது என்றே தெரியாது.

படத்தை மேலும் கீழுமாகப் போட்டு, அவருடைய இடது பக்கமாக நகர்த்திப் பிடித்தேன். இரண்டையும் பார்த்தார். குழந்தை கிறுக்கியதைப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்துவிட்டு என்னைத் தட்டிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு கோட்டைப் பார்த்து அது கால் என்று படிப்பதும் ஒரு படிப்புதான். அதற்கும் மூளை வேண்டும். நானோ ஓவியர் இல்லை. மணி நாலரை.

பிசியோ அறையில் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். பஜாரில் துணிக்கடை, இராமநாதபுரத்துக்காரர். இரண்டு வருடம் முன்பு அவருக்கும் சர்க்கரை ஒரு காலைக் கொண்டுபோயிருந்தது. பொய்க்காலின் பட்டையைச் சரிசெய்துகொள்ள வந்திருந்தார்.

"பாய், ஒரு உதவி வேணும். வார்டுக்கு வந்து காலைக் கழட்டணும்."

"கழட்டலாம் தங்கச்சி. திருப்பிக் கொடுத்துருவீகல்ல? கடைய நான் நொண்டிக்கிட்டே தொறக்க முடியாது."

அவருக்கு விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. வந்தார். அண்ணாச்சியின் இடது பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். கைலியை முட்டிக்கு மேலே ஏற்றினார். பட்டையை அவிழ்த்து, காலைக் கழற்றி, கட்டில் மேல் வைத்தார். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மழுங்கிய அந்த இடத்தைத் தன் கையாலேயே தடவிக் காட்டினார்.

அண்ணாச்சி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பொய்க்காலைப் பார்த்தார். அப்புறம் தன் போர்வையை இடது கையால் விலக்கி, கறுத்த காலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. மூன்று வாரத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நான் சிரிக்கவில்லை. தட்டிக் கொடுக்கவில்லை. என் விரலை அவர் முழங்காலுக்குக் கீழே வைத்து, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

"சரி!" என்று அலறினார்.

வார்டே திரும்பியது. என் கையைத் தட்டிவிட்டார். டம்ளர் பறந்தது. "சரி! சரி! சரி!" கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் தெறித்து, காலை இரண்டு பக்கமும் மறைத்துக்கொள்ள ஒரே ஒரு கைதான் இருந்தது அவருக்கு. ஷெஃபாலி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

சர்ஜன் வந்து நின்றிருந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்த நாலைந்து சொல்லில் அது ஒன்று. "சரின்னுதானே சொல்றான்?"

என் வாழ்நாளில் ஒரு டாக்டரைப் பார்த்துக் கத்தியது அன்றுதான். "காதைப் பொத்திக்கிட்டு அவரு மூஞ்சியைப் பாருங்க சார்!"

பார்த்தார். பிறகு காலையில் வாங்கிய தாளை எடுத்து, பெருவிரல் ரேகை மேல் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டு, மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அண்ணாச்சி யாரையும் அண்டவிடவில்லை. என்னைப் பார்த்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஒரு செருப்பை என் மேல் எறிந்தார், குறி தப்பவில்லை. ஊட்ட வந்த ஷெஃபாலியின் கையைத் தள்ளினார். காய்ச்சல் ஏறியது. சர்ஜன் காலையிலும் மாலையிலும் வந்து காலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், போவார். நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஷெஃபாலியிடம் போய், நீயே ரேகை வைத்துவிடம்மா என்று சொல்ல இரண்டு தடவை வாய்வரை வந்து திரும்பிப் போனது.

இரண்டாம் நாள் மாலை அண்ணாச்சி முட்டியைத் தடவி, பட்டை அவிழ்க்கிற மாதிரி செய்து காட்டினார். காதர் பாயைக் கேட்கிறார். பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அண்ணாச்சி பொய்க்காலை மடியில் வைத்து, கொத்தனார் செங்கல்லைத் தட்டிப் பார்ப்பது போல் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பாய் அதை மாட்டிக்கொண்டு வார்டின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். மறுபடி நடக்கச் சொல்லி அண்ணாச்சி கையைக் காட்டினார். பாய் மறுபடி நடந்தார்.

மறுநாள் காலை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். என் விரலைப் பிடித்துத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்து, அவரே கோடு இழுத்தார். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. போர்வையை மூடி, காலை அப்படியே விட்டுவிடலாம் என்பது போல் காட்டினேன். போர்வையை விலக்கி என் விரலைத் திருப்பி அங்கேயே வைத்தார்.

சர்ஜன் வந்து அமுக்கிப் பார்த்தார். தலையை அசைத்தார். கீழே போதாது, முட்டிக்கு மேலே எடுத்தாக வேண்டும் என்றார்.

அதையும் நான்தான் சொல்ல வேண்டும். அவர் வைத்த இடத்திலிருந்து என் விரலை எடுத்து, முழங்காலைத் தாண்டி, தொடையில் வைத்தேன். அண்ணாச்சி என் விரலை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலித்தது. பிறகு விட்டார். மைப் பெட்டியை நோக்கி அவரே இடது கையை நீட்டினார்.

ஆபரேஷன் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த சர்ஜன், எல்லார் முன்னாலும் சொன்னார். "அந்த முட்டி உன்னாலதான் போச்சு தீதி."

மறுத்துப் பேசவில்லை. முட்டி இருந்தால் நடை ஒரு மாதிரி, இல்லாவிட்டால் நடை வேறு மாதிரி. பாக்குத் தோட்டத்துச் சரிவில் இறங்குவதை அவர் மறந்துவிட வேண்டியதுதான். அடுத்த இரண்டு மாதம் அவரைக் கம்பியைப் பிடித்து நடக்க வைத்தவள் நான். இல்லாத அந்த முட்டி ஒவ்வொரு அடியிலும் என் தோளில் கனத்தது. இதைப் படித்துவிட்டு 'அக்கா செஞ்சது சரிதான்' என்று உங்களில் யாராவது தலையாட்டினால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஆனால் முட்டி போனது அந்த இரண்டு நாளாலா? யோசித்துப் பாருங்கள். அவர் வந்த முதல் நாளே நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், தட்டில் மிஞ்சிய பாதிச் சோற்றை ஒரு தடவை நின்று பார்த்திருந்தால், இவருக்கு எந்த வழியாகச் சொன்னால் போய்ச் சேரும் என்று மூன்று வாரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். கால் கறுக்கத் தொடங்கிய அன்றே சொல்லியிருக்கலாம். அழுது, அலறி, செருப்பை எறிந்து, மனம் ஆறி ஒப்புக்கொள்ள அவருக்கு நேரம் கிடைத்திருக்கும், முட்டியும் மிஞ்சியிருக்கும். அந்த முட்டியை எடுத்தது இருபது நாள் நான் எழுதிய ஒரே வரி. 'சொல்வதைப் புரிந்துகொள்கிறார்.' போன மாதம் அந்த வார்டில் நான் பார்த்த டிக்கும் அதே வரிதான். எத்தனை பேருக்கு எது போகப் போகிறதோ.

திக்லிபூருக்குக் கப்பலேறுகிற அன்று ஷெஃபாலி என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முட்டிக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. அவரே சொன்னார்.

"முட்டி போச்சுதான் தீதி, அது எனக்குத் தெரியாதா? ஆனா அவுகளுக்குக் கோவப்பட ரெண்டு நாள் கிடைச்சுதுல்லா."